தாடையை நகர்த்தும் முன் குரலைச் சோதியுங்கள்

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 20, பி.எஸ்சி. இறுதியாண்டு. அடுத்து பி.எட். முடித்து ஆசிரியராக விருப்பம். பிறக்கும்போதே இடப்பக்க உதடும் அண்ணமும் பிளந்திருந்தன. ஆறாவது மாதத்தில் உதட்டையும் ஒன்றரை வயதில் அண்ணத்தையும் தைத்தார்கள். மூக்கால் பேசுகிறாள் என்று ஏழு வயதில் தொண்டையில் இன்னோர் ஆபரேஷன். பத்து வயதில் ஈறில் எலும்பு வைக்கச் சொன்னார்கள். குடும்பச் சூழலால் போகவில்லை. இப்போது மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களுக்கு 8 மி.மீ. பின்னால் இருக்கின்றன. முன்பல்லால் எதையும் கடிக்க முடியாது. தண்ணீர் குடித்தால் சில சமயம் மூக்கில் ஏறுகிறது. ஒரு மருத்துவமனையில், "அடுத்த மாதமே மேல்தாடையை முன்னால் நகர்த்திவிடலாம், பல்லுக்குக் கிளிப் பிறகு போட்டுக்கொள்ளலாம்" என்றார்களாம். இன்னொன்றில், தலையில் வளையம் மாட்டி மெதுவாக இழுக்க வேண்டும் என்றார்களாம். எக்ஸ்ரேயும் பல் அச்சும் இரண்டு இடத்திலும் எடுத்தார்கள். பேச்சை யாரும் சோதிக்கவில்லை. வீட்டில் வரன் பார்ப்பதால் ஆறு மாதத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்கிறார் அம்மா. குழந்தையில் செய்த ஆபரேஷன் சரியில்லாததால்தான் கீழ்த்தாடை இப்படி நீண்டுவிட்டதா? எந்த முறை நல்லது? குரலும் சரியாகிவிடுமா? சில வருடத்தில் தாடை பழையபடி உள்ளே போய்விடுமாமே? இவை அவருடைய கேள்விகள்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் உறுத்தியது அந்தப் 'பேச்சை யாரும் சோதிக்கவில்லை' என்ற வரிதான். வகுப்பறையில் நின்று பேசப் போகிறவர் நீங்கள். எந்த முறை, எவ்வளவு தூரம், எப்போது என்ற மூன்றுமே அந்தச் சோதனையின் முடிவைப் பொறுத்தவை. அதற்கு முன் சொல்லப்பட்ட இரண்டு யோசனைகளும் அவசரமானவை என்றுதான் நினைக்கிறேன்.

குழந்தையில் செய்தது தவறா?

அப்படிச் சொல்ல முடியாது. அண்ணத்தைத் தைத்த இடத்தில் தழும்பு விழும். மற்றத் தசைபோலத் தழும்பு நீளாது; வளரும் வயதில் மேல்தாடை முன்னோக்கியும் கீழ்நோக்கியும் வளர்வதை அது பிடித்து நிறுத்துகிறது. இதற்கு முக்கியமான சான்று பக்கத்திலேயே, இலங்கையில் கிடைத்தது. 1984-ல் அங்கே தொடங்கிய ஆய்வுத் திட்டத்தில், எந்த அறுவையும் செய்யாமலேயே பெரியவர்களாகிவிட்ட பிளவுள்ளவர்களைப் பல்சீரமைப்பு நிபுணர் மைக்கேல் மார்ஸ் குழுவினர் பரிசோதித்தார்கள். அவர்களுடைய மேல்தாடை ஏறக்குறைய இயல்பாகவே வளர்ந்திருந்தது. ஆனால் வயது கடந்து அண்ணத்தைத் தைத்துக்கொண்டவர்களுக்குப் பேச்சு பெரும்பாலும் தேறவில்லை. அதனால்தான் பேச்சு வரும் வயதுக்குள் அண்ணத்தைத் தைத்துவிடுகிறோம். தாடை பின்தங்கினால் வளர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. தைத்தவரின் கைத்திறனுக்கும் இதில் பங்கு உண்டு. என்றாலும் நன்றாகத் தைத்த பிள்ளைகளிலும் ஒரு பகுதியினருக்குத் தாடை அறுவை தேவைப்படத்தான் செய்கிறது. ஒரு பக்கம் பிளந்தவர்கள், இரு பக்கமும் பிளந்தவர்கள் எல்லோரையும் சேர்த்து, நான்கில் ஒருவருக்காவது என்று மதிப்பிடுவது வழக்கம்.

உங்கள் கீழ்த்தாடையும் அநேகமாக நீளவில்லை. மேல்தாடை உயரத்திலும் குறைந்திருப்பதால் வாயை மூடும்போது கீழ்த்தாடை வழக்கத்தைவிட மேலே ஏறி முன்னால் சுழல்கிறது; பார்ப்பவர்களுக்கு முகவாய் துருத்தியதுபோல் தெரிகிறது. மேல்தாடையை முன்னாலும் கீழேயும் கொண்டுவந்தாலே முகவாய் பின்வாங்கியதுபோல் இருக்கும். "கீழ்த்தாடையை மட்டும் வெட்டிப் பின்னால் தள்ளிவிடலாம், சுலபம்" என்று யாராவது சொன்னால் நின்று கேளுங்கள். அதில் கீழுதடு மரத்துப்போகும் அபாயம் கூடுதல், நாக்கின் பின்னால் மூச்சுப்பாதையும் குறுகும். உங்கள் தொண்டையில் ஏற்கெனவே ஓர் ஆபரேஷன் நடந்திருக்கிறது. மிக அதிக தூரம் சரிசெய்ய வேண்டியிருந்தால், மேல்தாடையோடு சேர்த்துக் கீழ்த்தாடையையும் இரண்டு மூன்று மி.மீ. நகர்த்துவது வேறு விஷயம்.

குரல் சரியாகுமா?

பேச்சில் இரண்டு குறைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, பல் வரிசை பொருந்தாததால் 'ச', 'ஸ', 'ஃப' போன்ற ஒலிகள் சிதைவது. பற்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக வந்ததும் இது பலருக்குத் தெளிவாகிறது. மற்றது, காற்று மூக்கு வழியே கசிவது. தாடையை முன்னால் கொண்டுவருவதால் இது குறையாது, கூடவும் கூடலாம்.

காரணம் எளிது. அண்ணத்தின் பின்பக்க மென்தசையான மென்அண்ணம் மேல்தாடையின் பின்விளிம்பில் ஒட்டியிருக்கிறது. 'ப', 'ட', 'க' சொல்லும்போது அது மேலே எழுந்து தொண்டையின் பின்சுவரைத் தொட்டு மூக்கின் வழியை அடைக்கிறது. தாடை 8 மி.மீ. முன்னால் போனால் மென்அண்ணமும் கூடவே முன்னால் போகும். எட்ட வேண்டிய தூரம் அதிகமாகும். பிளவு இல்லாதவர்களுக்கு அண்ணம் நீண்டு இதைச் சமாளித்துக்கொள்ளும். தைத்துத் தழும்பேறிய குட்டை அண்ணத்துக்கு அந்த இருப்பு இல்லை. இப்போதே விளிம்பில் இருக்கிறவர்களுக்குத்தான் ஆபத்து மிகுதி: இன்று மூக்கொலி லேசாக இருக்கும், தாடையை நகர்த்தியபின் எல்லோருக்கும் கேட்கும்.

வீட்டிலேயே ஒரு முதல் சோதனை செய்து பாருங்கள். சின்னக் கண்ணாடி ஒன்றை மூக்கின் கீழ் பிடித்துக்கொண்டு 'பாப்பா', 'தாத்தா', 'காக்கா', 'பாட்டி' என்று சொல்லுங்கள். இந்தச் சொற்களில் மூக்கொலி எழுத்தே இல்லை. கண்ணாடியில் ஆவி படியக் கூடாது. 'மாமா' என்றால் படியும், அது இயல்பு. 'பாப்பா'வுக்கே கண்ணாடி மங்கினால் காற்று கசிகிறது என்று பொருள். ஆனால் ஈறில் எலும்பு வைக்காததால் உங்களுக்கு அங்கே துளை இருக்கக்கூடும்; கசிவு அதன் வழியாகவும் இருக்கலாம். எங்கே கசிகிறது என்பதை மூக்கு வழியே மெல்லிய கேமரா குழாய் விட்டு, நீங்கள் பேசும்போதே பார்க்கும் எண்டோஸ்கோபிதான் காட்டும். சில நிமிட வேலை. மயக்க மருந்து வேண்டாம். பேச்சுப் பயிற்சி நிபுணர் உங்கள் பேச்சைப் பதிவுசெய்து, முடிந்தால் மூக்கு வழியே வரும் ஒலியை அளக்கும் நாசோமீட்டர் கருவியிலும் அளந்து வைக்கட்டும். அறுவைக்குப் பின் ஒப்பிட அந்தப் பதிவு வேண்டும்.

ஏழு வயதில் செய்த 'தொண்டை ஆபரேஷன்' அநேகமாக, தொண்டையின் பின்சுவரிலிருந்து தசையை எடுத்து மென்அண்ணத்தோடு தைக்கும் பாலம்போன்ற அறுவையாக இருக்கும். அப்படியானால் அது கன்றைக் கட்டிய கயிறு மாதிரி: தாடையை முன்னால் விடாது, விட்டாலும் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். சிலருக்கு அந்தப் பாலத்தை அறுத்துவிட்டுத்தான் தாடையை நகர்த்த முடிகிறது. பிறகு குரலுக்காக அதை மறுபடி செய்ய நேரலாம். அப்படி நேர்ந்தாலும் உடனே செய்வதில்லை. தாடை நிலைபெறவும் அண்ணம் தன்னால் எவ்வளவு சமாளிக்கிறது என்று தெரியவும் 6 முதல் 12 மாதம் காத்திருக்க வேண்டும். நீங்கள் முதல் பணியில் சேரும் காலத்தோடு இது மோதாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

மூன்று வழிகள்

*ஒரே தடவையில் நகர்த்துவது.* பிரெஞ்சு மருத்துவர் ரெனே லெ ஃபோர்ட் 1901-ல் விவரித்த முறிவுக் கோட்டின் பெயரால் இதை லெ ஃபோர்ட் 1 அறுவை என்கிறோம். உதட்டுக்கு உள்பக்கம் வெட்டுவதால் வெளியே தழும்பு இல்லை. பற்களுக்கு மேலே எலும்பை அறுத்து, மேல்தாடையைத் தனியாக இறக்கி, முன்னால் வைத்து, பொதுவாக நான்கு டைட்டானியம் பிளேட்டுகளால் பிணைப்பார்கள். பிளவுள்ளவர்களுக்கு 5, 6 மி.மீ. வரை இது நன்றாக நிற்கும். 10 மி.மீ.க்கு மேல் தழும்பு விடுவதில்லை.

*மெதுவாக இழுப்பது.* டிஸ்ட்ராக்‌ஷன் என்பது இதுதான். எலும்பை அதே இடத்தில் அறுத்துவிட்டு, சில நாள் விட்டு, நாளொன்றுக்கு சுமார் 1 மி.மீ. வீதம் திருகி நகர்த்துவார்கள். இடைவெளியில் புது எலும்பு உருவாகும், தசையும் தோலும் கூடவே நீளும். இழுத்து முடித்தபின் அந்த எலும்பு கெட்டியாக இன்னும் 2, 3 மாதம் அசையாமல் இருக்க வேண்டும். உங்களிடம் சொன்ன தலை வளையம் இதன் வெளிப்புறக் கருவி. மண்டையோட்டில் ஸ்க்ரூவால் பிடிக்கும். பயமுறுத்தும் தோற்றம்தான், தூங்கச் சிரமம், ஸ்க்ரூ இடத்தில் சீழ் பிடிக்கலாம். கன்னத்துக்குள் மறைத்து வைக்கும் கருவியும் உண்டு. அதை எடுக்க இன்னொரு சிறு அறுவை வேண்டும்.

*முன்பகுதியை மட்டும் இழுப்பது.* கடைவாய்ப் பற்கள் ஓரளவு பொருந்தியிருந்து முன்பகுதிதான் பின்தங்கியிருக்கிறது என்றால், கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் அறுத்து, வாய்க்குள் பல்லோடு ஒட்டிய திருகுக் கருவியால் முன்பகுதியை மட்டும் நகர்த்தலாம். தாடையின் பின்பகுதி அசையாததால் மென்அண்ணமும் அதே இடத்தில் இருக்கும். குரல் கெடும் வாய்ப்பு மிகக் குறைவு. உள்ளே நெருக்கியடித்து நிற்கும் பற்களுக்கு இடமும் கிடைக்கும். மூக்கின் பக்கவாட்டில் கன்னம் குழிந்திருப்பதை இது அவ்வளவாக நிரப்பாது. குரல் விளிம்பில் இருக்கிறவர்களுக்கு நான் முதலில் யோசிப்பது இதைத்தான். உங்களிடம் இரண்டு மருத்துவமனையும் இதைச் சொல்லவில்லை. எண்டோஸ்கோபி முடிவோடு போய் நீங்களே கேளுங்கள்.

டிஸ்ட்ராக்‌ஷன் செய்தால் குரல் கெடாது என்று நம்பி வளையத்துக்கு ஒப்புக்கொள்கிறவர்கள் உண்டு. ஹாங்காங்கில் 47 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஒரே தடவையிலும் மறு பாதிக்கு மெதுவாகவும் செய்து பார்த்தார்கள். பேச்சில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. வேறுபட்டது நிலைத்தன்மை: ஐந்து ஆண்டு வரை பார்த்ததில் மெதுவாக இழுத்த தாடைகள் நன்றாக நின்றன. முதல் சில மாதங்களில் கருவி மாட்டியவர்களின் தன்னம்பிக்கை குறைந்திருந்தது. பின்னாளில் திருப்தி அவர்களுக்கே அதிகம்.

8 மி.மீ. என்பதால் நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்பீர்கள். அந்த எண்ணை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். உங்கள் கீழ் முன்பற்கள் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். கிளிப் போட்டு நிமிர்த்தினால் இடைவெளி கூடும். இறுகிய உதட்டால் மேல்பற்களும் உள்ளே சாய்ந்திருந்தால், அவற்றை நிமிர்த்தும்போது குறையும். உண்மையான தூரம் கிளிப் வேலை முடியும்போதுதான் தெரியும்.

எலும்பு ஒட்டு முதலில்

பத்து வயதில் தவறவிட்டதுதான் இன்று பெரிய தடை. கோரைப்பல் முளைக்கும் முன், ஏறத்தாழ 8 முதல் 11 வயதுக்குள், இடுப்பெலும்பிலிருந்து சிறிது எலும்புத் துகளை எடுத்து ஈறின் பிளவில் நிரப்புவது வழக்கம். அது நடக்காததால் உங்கள் மேல்தாடை இரண்டு துண்டாகவே இருக்கிறது. மூக்கில் தண்ணீர் ஏறுவதும் அந்த வழியாகத்தான் இருக்கும். இந்த நிலையில் நகர்த்தினால் இரண்டு துண்டும் தனித்தனியாக அசையும், துளை பெரிதாகும். தழும்பேறிய அண்ணத்தில் ரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைவு. சிறிய துண்டுக்கு அது போதாமல் ஈறும் எலும்பும் பற்களும் பட்டுப்போவது அரிது என்றாலும், நடந்தால் சரிசெய்வது கடினம்.

20 வயதிலும் எலும்பு வைக்கலாம். சிறுவயதில் பிடிப்பதுபோல் உறுதியாகப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஈறு வீக்கம் இல்லாமல், பல் சொத்தை அடைத்து, பிளவை ஒட்டிய பற்களைச் சுத்தமாக வைத்திருந்தால் வாய்ப்பு கூடும். தேவைப்பட்டால் அதற்குமுன் கருவி வைத்து மேல்வரிசையைச் சற்று அகலப்படுத்துவார்கள். இடுப்பில் ஒன்றிரண்டு வாரம் நடக்கும்போது வலிக்கும். ஆறு மாதம் கழித்து ஸ்கேனில் எலும்பு இணைந்திருப்பதைப் பார்த்தபின் தாடை பக்கம் போகலாம். கிளிப்பைப் பிற்பாடு போடும் முறையும் உலகில் நடைமுறையில் உள்ளதுதான்; ஆனால் பிளவில் எலும்பு இல்லாத, பல் வரிசை கலைந்த உங்களுக்கு அது பொருந்தாது. நகர்த்திய தாடையைப் பிடித்து நிறுத்த, பற்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ள வேண்டும்.

திரும்ப உள்ளே போகுமா?

கொஞ்சம் போகும். ஒரே தடவையில் நகர்த்தினால், நகர்த்திய தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்குவரை திரும்புவது பிளவுள்ளவர்களிடம் சகஜம், 8 மி.மீ.யில் 2 என்று வையுங்கள். பெரும்பகுதி முதல் ஓராண்டுக்குள்ளேயே நடந்து முடியும். கீழ்நோக்கி இறக்கியதுதான் மிகவும் நழுவும், அதனால் அந்த இடைவெளியில் எலும்புத் துண்டு வைத்துப் பிணைப்பார்கள். இதை எதிர்பார்த்தே இரண்டு மூன்று மி.மீ. கூடுதலாக நகர்த்துவதும் உண்டு. முதல் மாதங்களில் மேல்பல் அதிகமாக முன்னால் இருப்பதாகத் தோன்றினால் பதற வேண்டாம். மேல், கீழ்ப் பற்களை இணைக்கும் ரப்பர் வளையமான எலாஸ்டிக்கைச் சாப்பிடும்போது கழற்றி மறுபடி மாட்டாமல் விடுவதும், கிளிப் கழற்றியபின் பற்கள் நகராமல் பிடிக்கும் ரீடெய்னரைப் போடாமல் விடுவதும் நீங்களே வரவழைக்கும் இழப்பு.

அறுவைக்கு முன்னும் பின்னும்

மயக்க மருந்து நிபுணரிடம் தொண்டை ஆபரேஷன் நடந்ததை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். தாடை அறுவைக்கு மூச்சுக் குழாயை மூக்கு வழியாகத்தான் விடுவார்கள். தொண்டையில் பாலம் இருப்பது தெரியாமல் தள்ளினால் அது கிழியும், ரத்தம் கொட்டும். இரவில் குறட்டையோ மூச்சு நின்று விழிப்பதோ இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய் மூன்று வாரத்தில் பெரும்பாலும் வடியும். கன்னமும் மேலுதடும் மரத்திருக்கும். சில மாதங்களில் உணர்வு திரும்புவதே வழக்கம், சிலருக்குச் சிறு பகுதி மீதமிருக்கும். முதல் இரண்டு வாரம் குடிக்கிற உணவுதான்: வடிகட்டிய பருப்புத் தண்ணீர், ராகிக் கூழ், சத்துமாவுக் கஞ்சி, பால், மோர். பிறகு ஒரு மாதம் குழைந்த சாதமும் மசித்த இட்லியும். முறுக்கு, கரும்பு, கறி எலும்பெல்லாம் மூன்று மாதம் கழித்து. நான்கு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். சில கிலோ எடை குறையும்.

முதல் இரண்டு மூன்று நாள் மூக்கில் ரத்தக்கசிவு சாதாரணம். ஒரு வாரம், பத்து நாள் கழித்துத் திடீரென்று சிவப்பு ரத்தம் வேகமாகக் கொட்டினால் வீட்டில் உட்கார்ந்து பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். உள்ளே ரத்தக்குழாய் பழுதாகியிருக்கலாம். ஈறு வெளுத்தாலோ கருத்தாலோ, பல் கடி சட்டென்று மாறினாலோ, மூக்கில் தண்ணீர் மறுபடி ஏறினாலோ அன்றே காட்டுங்கள். மூக்கின் கோணலை இப்போதே சரிசெய்யக் கேட்காதீர்கள். மூக்கு உட்கார்ந்திருக்கும் அடித்தளமே இந்தத் தாடைதான். அது நகர்ந்தால் மூக்கின் அடிப்பாகமும் விரியும், நுனியும் மாறும். குறைந்தது ஆறு மாதம் கழித்துச் செய்வதுதான் நிற்கும்.

பணம், காகிதம், கையெழுத்து

பிறவிக் குறைகளுக்கான மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டம் 18 வயதோடு முடிந்துவிடுகிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை பெறலாம். எந்த அறுவைக்கு எந்த மருத்துவமனையில் அனுமதி என்பதை அங்குள்ள காப்பீட்டுத் திட்டப் பிரிவில் தேதி குறிக்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் பல்சீரமைப்பு, தாடை அறுவை இரண்டு துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன; பிளவு சிகிச்சைக்கு உதவும் ஸ்மைல் டிரெய்ன் அமைப்போடு இணைந்த மருத்துவமனைகளிலும் விசாரிக்கலாம். தனியார் காப்பீடு இருந்தால், 'அழகு அறுவை' என்று மறுக்க இடம் கொடுக்காதபடி, கடிக்க முடியாததையும் மூக்கில் நீர் ஏறுவதையும் பேச்சுக் குறையையும் மருத்துவரிடம் கடிதத்தில் எழுதி வாங்குங்கள்.

பழைய ஆபரேஷன் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002-ம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. ஆனால் அதே விதி மூன்றாண்டுதான் பாதுகாக்கச் சொல்கிறது. 13 ஆண்டுக்கு முந்தையது கிடைக்காமல் போகலாம். வீட்டில் டிஸ்சார்ஜ் சீட்டு இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டாலும் எண்டோஸ்கோபியில் பாலம் தெரிந்துவிடும்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து போட வேண்டியவர் நீங்கள்தான். 18 வயது கடந்தவர் என்பதால் அம்மா அப்பா சம்மதித்தால் போதும் என்பது சட்டப்படி செல்லாது. நீங்கள் புரிந்துகொள்ளாத ஒன்றுக்கு யாரும் உங்களைக் கையெழுத்திடச் சொல்லவும் முடியாது.

ஆறு மாதக் கணக்கை அம்மாவிடம் நேராகவே மறுத்துவிடுங்கள். எலும்பு ஒட்டி இணைய ஆறு மாதம், கிளிப் 12 முதல் 18 மாதம், தாடை அறுவை, அதன்பின் கிளிப் இன்னும் ஆறு மாதம் என்று இரண்டு முதல் இரண்டரை ஆண்டு ஆகும். உங்களுக்கு முக எலும்பு வளர்ச்சி முடிந்துவிட்டது, தாமதத்தால் கெடுவது எதுவும் இல்லை. இந்த மாதம் செய்ய வேண்டியது பேச்சுச் சோதனையும் எண்டோஸ்கோபியும், ஈறுக்கு ஒரு ஸ்கேனும். எலும்பு ஒட்டை பி.எஸ்சி. தேர்வு முடிந்த கோடையில் வைத்துக்கொள்ளலாம். தாடை அறுவைத் தேதியை பி.எட். பள்ளிப் பயிற்சி வாரங்களுக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பாகக் கேளுங்கள். முதல் ஆறு வாரம் எலாஸ்டிக் இறுகிய வாயோடு வகுப்பெடுக்க முடியாது.